ஓதின தண்ணீரின் அளவு

14, செவ்வாய்

காலையில் தூறல், பிறகு புழுக்கம். தங்கச்சி நஸ்மியாவுக்குக் காய்ச்சல் விட்டது. நான் மகிழ, டொக்டர் இனித்தான் கவனம் என்கிறார். டெங்கு. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கிவிட்டதாம், ஸ்கேனில் தெரிகிறது. இரண்டு நாள் கசியும். நீர் குறைந்தால் இரத்த அழுத்தம் விழும். கூடினால் நுரையீரலைச் சுற்றிச் சேர்ந்து மூச்சு முட்டும். சேலைனும் வாயால் குடிப்பதும் சேர்த்து மணிக்கு நூறு மி.லீ., அவ்வளவுதான்.

வார்ட்டுத் தாதி மிஸ் ஒரு தாள் தந்தார். "உள்ள போறது, வெளிய போறது, ரெண்டையும் எழுதுங்க. நீங்க டீச்சர்தானே."

கணக்கு டீச்சர். பெருமையாகத்தான் இருந்தது.

தேவை: அளவுக் குவளை, கோடு போட அடிமட்டம், மாற்று உடுப்பு, லீவுக் கடிதம்.

பின்னேரம் உம்மா. தில்லையடிப் பள்ளிவாசலில் ஓதி வாங்கிய தண்ணீர், பெரிய போத்தல். "மணிக்கொருக்கா மூணு மிடறு குடுங்க மகள், பிஸ்மி சொல்லி." கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

15, புதன்

வெயில். தாள் அழகு. இளநீர் 40. கஞ்சி 30. தேத்தண்ணி 25 (பாண் துண்டைத் தொடவில்லை). சிறுநீர் எல்லாம் பதிவு. பக்கத்துக் கட்டில் உடப்பு ஊர் அக்கா போனில் யாரிடமோ: "இங்க ஒரு டீச்சர் இருக்கிறா, மூச்சையும் அளந்து எழுதுவா போல."

மணிக்கொரு தரம் மூன்று மிடறு. போத்தல் முடிந்தது. உம்மா இன்னொன்று அனுப்பினார்.

16, வியாழன்

நஸ்மியாவுக்கு மூச்சு வாங்குகிறது. மூன்று தலையணை வைத்தும் சாய முடியவில்லை. "ராத்தா, நெஞ்சு பாரமா இருக்கு." பயந்துவிட்டேன்.

டொக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கணக்கு சரி. ஆள்தான் கணக்கோட சேரல்ல. வேற என்ன குடுத்தீங்க?"

"ஒண்டும் இல்ல டொக்டர்."

பொய் சொல்லவில்லை. அது தண்ணீர் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இறைவனின் பரக்கத் அல்லவா.

காலையில் வந்திருந்த உம்மாதான் சொன்னார்: "ஓதின தண்ணி மட்டும் நான் குடுத்தேன் மகன்."

டொக்டர் இரண்டு வெறும் போத்தல்களையும் தூக்கிப் பார்த்தார். ஏசவில்லை. "ஓதுங்கம்மா. ஆனா அதையும் எழுதணும்." இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சேலைன் நின்றது. சிறுநீர் போக ஒரு ஊசி. ஒட்சிசன்.

நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுத்தது உம்மா இல்லை.

17, வெள்ளி

நல்ல காற்று. சிறுநீர் தாராளம், அல்ஹம்துலில்லாஹ். ஒட்சிசன் கழற்றியாயிற்று. பசிக்கிறதாம்.

நஸ்மியா உம்மாவைச் சீண்டுகிறாள்: "உங்கட தண்ணியில நான் முங்கிப் போயிருப்பேன்." உம்மா சிரித்தபடி தோடம்பழம் உரிக்கிறார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உம்மாவைக் குத்தம் சொல்லாத நஸ்மி. ஊத்தித் தந்ததும் எழுதாம விட்டதும் நான்."

உம்மா நிமிரவில்லை. "எனக்கு ஏச்சுப் பழக்கம் மகள். டொக்டர் உங்களுக்கு ஏசியிருந்தா நீங்க அழுதுக்கிட்டு வீட்ட போயிருப்பீங்க. பொறகு தாள யாரு எழுதுறது?"