மேசைமேல் பலாலி

03.06.2023, சனி

பெரிதாகச் சொல்ல எதுவுமில்லாமல் ஒரு புதுக் கொப்பியைக் கெடுப்பதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். யாரிடம் கேட்பது என்றுதான் தெரியவில்லை.

சரி, ஒன்று இருக்கிறது. கடிதம் வந்திருக்கிறது. விமானங்களுக்கு ரேடியோவில் வழி சொல்லும் வேலை. எழுத்துப் பரீட்சையில் சித்தியடைந்துவிட்டேன். ஜூலை 12 கொழும்பில் நேர்முகம், அதோடு குரல் பரீட்சை.

குரல்! பௌதிகவியல் படித்த நாலு வருஷமும் விரிவுரையில் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை. வங்கி, கச்சேரி அலுவலகம், பல்கலைக்கழகப் பதிவு, எங்கே போனாலும் வாப்பாதான் எனக்காகப் பேசுவார். பல் வைத்தியர் எங்கே வலிக்கிறது என்று கேட்டபோதுகூட, வாப்பா தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினார்.

04.06

உம்மாவுக்கு, எனக்கு இங்கே மாம்புரியில் ரீச்சர் வேலை கிடைத்தால் போதும். வாப்பா கடிதத்தை மூன்று தரம் வாசித்தார்.

10.06, சனி

கூடப்பிறந்த றுமைஸ் நானா கத்தாருக்குப் போகும்போது விட்டுப்போன கம்பியூட்டரில் விமானம் ஓட்டும் விளையாட்டு இருக்கிறது. விளையாட்டு என்றாலும் உலகம் முழுவதும் உள்ளே இருக்கிறது. காற்றும் வெயிலும்கூட அன்றைக்கு உள்ளதுதான். பாலாவி ஓடுபாதையில் ஏறி, உப்பளத்துக்கு மேலால் திரும்பி, எங்கள் ஊர் கரைத்தீவுக்கு வந்தேன். எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு மாடிக் கட்டடம்!

உம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “கூரைக்குத் தகரம் மாத்த வழியில்ல, இதுல நாலு மாடி” என்றார். ஆனால் நல்ல சந்தோஷம். “சரி, பிளேன இறக்கிட்டு வந்து தேங்காயத் துருவு.”

17.06, சனி

கம்பியூட்டரில் பலாலி போனோம். நானும் வாப்பாவும்.

எண்பதுகளின் தொடக்கத்தில் வாப்பா அங்கே, யாழ்ப்பாண விமான நிலையத்தில், விமானத்தில் பெட்டி ஏற்றும் வேலை செய்தவர். தொண்ணூறில் முஸ்லிம் ஆட்கள் எல்லாரையும் வெளியேற்றியபோது யாழ்ப்பாணத்தை விட்டு வந்தவர், பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. போவாரா என்று நானும் கேட்டதில்லை.

கொழும்புப் பக்கம் இரத்மலானையில் புறப்படும்போதே சண்டை. “பாரம் எங்க வெச்சிருக்கிறாய்? பின்னுக்குக் கூடினா மூக்குத் தூக்கும்.” பாரம் போடுவதற்கென்றே திரையில் ஒரு பக்கம் இருப்பதைக் காட்டினேன். வாப்பா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்தக் காலத்தில் சின்ன விமானங்களில் ஆட்களையும் தராசில் ஏற்றித்தான் நிறுப்பார்களாம். ஏற வெட்கப்படுகிற பெண்களை வாப்பா கண்ணாலேயே நிறுத்துவிடுவாராம்.

“நான் ஐம்பது கிலோ. நீ நாப்பத்தாறு. உம்மா எழுபத்தெட்டு.”

குசினியிலிருந்து, “ஆர் எழுபத்தெட்டு?”

“பிளேன்ட கணக்கு, ஹாஜரா.”

“பிளேன் விழுந்தா என்னச் சொல்லாதீங்க!”

கடல் பக்கமாக இறங்கினோம். ஓடுபாதை நீண்டுவிட்டது என்றார் வாப்பா. தார் ஓரத்தில் ஒரு வெறும் புல்வெளியைக் காட்டி, இதில்தான் சோறு சாப்பிடுவோம் என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. நானும்தான். ஆனால் இரண்டு பேரும் ஒரே மாதிரிப் பேசாமல் இருந்தோமா? எனக்கு அது பழக்கம். அவருக்கு அப்படி இல்லையே.

24.06, சனி

வெட்கக்கேடு.

இணையத்தில் உண்மையான ஆட்கள் கட்டுப்பாட்டுக் கோபுரமாக இருந்து பேசுகிற இடம் ஒன்று உண்டு. அசர் தொழுகைக்குப் பிறகு மாலைதீவின் வடக்கே ஹனிமாது என்ற சின்னத் தீவுக்குப் போனேன். சுற்றிவரக் கடல், நடுவில் ஒரு கோடு. அங்கே கோபுரமாக ஒரு பெண் ஆங்கிலத்தில் பேசினாள். அவள் சொல்வதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். சொன்னேன்: “ஓடுபாதை இரண்டு ஒன்றில் இறங்குகிறேன், இன்ஷா அல்லாஹ்.”

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. நடக்கப்போகிற எதையும் அது இல்லாமல் சொல்லி எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவள்: “இன்ஷா அல்லாஹ், சகோதரி. ஆனால் இறங்குகிறீர்களா, இல்லையா?”

நான் வாப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது வாப்பா மைக்கைப் பிடுங்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், “மேடம், ஷீ இஸ் மை டோட்டர், வெரி குட் கேர்ள்” என்றார்.

வெரி குட் கேர்ள் கடலில் விழுந்தாள்.

25.06

காலை முழுக்க அதே கதை. உம்மா சொல்கிறார், இன்ஷா அல்லாஹ் சொல்லாமல் எந்தக் காரியத்துக்கும் போகக் கூடாதாம். வாப்பா சொல்கிறார், விமானக்காரனுக்கு ஓம் எண்டா ஓம், இல்லையெண்டா இல்ல.

கடைசியில் உம்மாவே தீர்ப்புச் சொன்னார்: “பட்டனை அமத்த முந்திச் சொல்லு. அல்லாஹ்வுக்கு மைக் தேவையில்ல.”

29.06

ஹஜ்ஜுப் பெருநாள். சாப்பிட்டேன், தூங்கினேன். விமானம் ஓடவில்லை.

03.07, திங்கள்

வாப்பா சிலாபத்துக்குப் போன நேரம் தனியாக ஹனிமாது போனேன். அதே பெண். இன்றைக்குச் சோளகக் காற்று மேற்கிலிருந்து பலமாக அடித்தது, விமானம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனது. அவள் சொன்ன ஒரு இலக்கம் எனக்கு விளங்கவில்லை.

விளங்காவிட்டால் நான் என்ன செய்வேன்? தலையாட்டுவேன். பிறகு வாப்பாவிடம் கேட்பேன். ரேடியோவில் தலையாட்ட முடியாது. வாப்பாவும் வீட்டில் இல்லை.

“திரும்பச் சொல்லுங்கள்” என்றேன்.

சொன்னாள். கோபமில்லை, சிரிப்பில்லை. அவ்வளவுதானா? இருபத்தாறு வருஷமாக இதற்கா பயந்தேன்?

இறங்கினேன். ஒரு சக்கரம் முந்தி, மற்றது பிந்தி. ஆனால் தாரில்தான்.

08.07

மூன்று நாளில் ஏழு தரம் இறங்கினேன். வாப்பா பின்னால் இருந்து பார்க்கிறார். நான் பேசுகிற ஒவ்வொரு தரமும் அவருடைய உதடும் அசைகிறது.

11.07, செவ்வாய்

நாளைக்கு விடிய முந்திப் பயணம். வாப்பா தன் வெள்ளைச் சேட்டை இரண்டு தரம் அயன் பண்ணிவிட்டார். என் சான்றிதழ்கள் அவருடைய பையில். தேத்தண்ணி குடிக்கும்போது அங்கே என்ன சொல்வார் என்று பேசிக்காட்டினார்: “சேர், நானும் பலாலியில நிண்டவன். மகள் கொஞ்சம் கூச்சம், ஆனா விஷயம் தெரிஞ்ச புள்ள. கேக்கிறத என்னட்டக் கேளுங்க...”

உம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். தேத்தண்ணி ஆறிவிட்டது. ஒரு கிழமையாகச் சொல்ல நினைத்து, மாலைதீவுக்காரியிடம் பேசுவதைவிடக் கஷ்டமாக இருந்ததை, கோப்பையைப் பார்த்துக்கொண்டு அல்ல, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

“வாப்பா, கேட் வரைக்கும் நீங்க வரணும், நீங்க இல்லாம எனக்குப் பயம். ஆனா உள்ளுக்கு வரவேணாம். பைய என்னட்டத் தாங்க. நானே கதைக்கிறன்.”