பன்னிரண்டு பல்பு, ஒரு வடம்

6-8-1979
லாஸ்பேட்டையில் ஒரு விடுதி மோட்டார் எரிந்துபோயிருந்தது. ஓவர்லோடு. யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். கடைக்குத் திரும்பினால் முதலாளி கண்ணையன், "சவரி, உங்க மாதா தேருக்கு லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் நம்மதான். நீயே போ. உன் கோயில்தான?" என்கிறார்.
என் கோயில்தான். அதுதான் சங்கடம்.

8-8-1979
தேர்க் கமிட்டித் தலைவர் சூசைநாதனைப் பார்த்தேன். மேலத்தெரு, பிரெஞ்சுப் பட்டாளத்து பென்ஷன்காரர். வாசலில் நிற்கவைத்தே பேசினார். மாதாவின் தலைக்குப் பின்னால் பன்னிரண்டு நட்சத்திரம், நட்சத்திரத்துக்கு ஒரு பல்பு. நான் தேரில் ஏறலாம். சொரூபத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்குரூ முடுக்கலாம். வடத்தை மட்டும் தொடக்கூடாது. கீழத்தெரு ஆட்கள் வடம் பிடிப்பதில்லை. தேரும் கீழத்தெருவுக்குள் வருவதில்லை. இது என்ன கணக்கு? டிப்ளமாவில் இப்படி ஒரு சர்க்யூட் போட்டிருந்தால் வாத்தியார் கிழித்துப் போட்டிருப்பார்.
"எங்க தெருவுக்குள்ளயும் வரலாமே?" கேட்டே விட்டேன்.
"தேர் நுழையாதுப்பா. எடம் பத்தாது."

9-8-1979
டேப் வைத்து அளந்தேன். தெருமுனை பன்னிரண்டரை அடி. தேர் ஏழே முக்கால்.

11-8-1979
இதை இதுவரை எழுதியதில்லை. அப்போது எனக்கு எட்டு வயது. தேர் எங்கள் முனையைக் கடக்கும்போது ஓடிப்போய் வடத்தைப் பிடித்தேன். சூசைநாதனின் தம்பி மகன் லூயிஸ், என் வகுப்புப் பையன், கத்தினான்: "பெரியப்பா, கீழத்தெருவான் கைய வச்சுட்டான்!" தேர் நின்றது. வாளித் தண்ணீர் கொண்டுவந்து வடத்தில் நான் பிடித்த இடத்தைக் கழுவினார்கள். ஒரு முழம் இருக்கும், அவ்வளவுதான். வீட்டில் அப்பா என்னைத்தான் அடித்தார். ஏன் என்னை? இன்றுவரை புரியவில்லை. அடுத்த வருஷம் லூயிஸ் வீட்டார் பிரான்சுக்குப் போய்விட்டார்கள்.

12-8-1979
லூயிஸ் வந்திருக்கிறான்! லீவாம். நான் பல்பு மாட்டிக்கொண்டிருந்தபோது கீழே நின்று வயரை எடுத்துக் கொடுத்தான். பேச்சு பள்ளிக்கூடத்துக்குப் போனது. பிரான்சில் பிள்ளைகளைக் கைகோத்து வட்டமாக ஆடவிடுவார்களாம்.
"ஒருத்தி எங் கையில கைக்குட்டையப் போட்டு, அதுக்கு மேலதான்டா புடிச்சா. கருப்பு ஒட்டிக்குமாம். டீச்சர் பாத்துட்டுச் சும்மா இருந்துச்சு."
"நீ என்ன பண்ண?"
"மறுநாள் கம்பளி உறை மாட்டிக்கிட்டுப் போனேன், ரெண்டு கைக்கும். நல்ல வெயில்! 'உங்க வெள்ள எனக்கு ஒட்டிக்கும்'னேன்."
சிரித்துவிட்டேன். அவனும் சிரித்தான். பிறகு வடத்தைப் பற்றிக் கேட்டேன்.
"நானா? கத்துனேனா? ஞாபகமே இல்லடா."
பொய்யாகத் தெரியவில்லை. கைக்குட்டை ஞாபகம் இருக்கிறது, வடம் இல்லை! அவன்மேல் எனக்குக் கோபமா, பாவமா? இரண்டும் சேர்ந்து வருகிறதே — இதற்கு என்ன பெயர்?

14-8-1979
தேரின் விளக்கெல்லாம் பின்னால் வரும் என் ஜெனரேட்டர் வண்டியில்தான் எரியும். எங்கள் முனையில் நிறுத்தினால் தேரும் நிற்கும். ஐந்து நிமிஷம். அம்மா வருஷா வருஷம் மெழுகுவத்தியோடு எட்ட நின்றே பார்க்கிறாள். ஒரு தடவையாவது கிட்டே பார்க்கட்டும். அவளிடம் சொன்னேன்.
"வேணாம்டா. சோத்துல மண்ணப் போட்டுக்காத."
செய்யலாமா? ரிப்பேர் என்று பொய் சொல்வதா? தெரியவில்லை.

16-8-1979
நேற்று செய்துவிட்டேன். பொழுது சாய்ந்து ஏழு மணி. முனைக்கு வந்ததும் நிறுத்தினேன். ஒரே இருட்டு. சூசைநாதன், "எவன்டா அவன்? என்னாச்சு?" என்று கத்துகிறார். லூயிஸ் வடத்தை விட்டுவிட்டு என்னிடம் வந்தான்.
"நீதான?"
"ஆமா."
காட்டிக்கொடுப்பான் என்றுதான் நினைத்தேன். "நான் சொல்றப்ப போடு" என்றான். முன்னால் போய், "ஆளு பத்தல! கீழத்தெருக்காரங்க வாங்க, கைய வைங்க!" என்று ஒரு குரல். அதே தொண்டை. பதினாறு வருஷம் முன்னால் கத்திய அதே தொண்டை.
சக்கரம் கரகரவென்று திரும்பியது. "சவரி, போடு!" போட்டேன். தேர் எங்கள் தெருவுக்குள் இருபது அடி வந்திருந்தது. வடம் முழுக்கக் கை. மூன்றாவது ஆளாக அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.
வெளிச்சத்தில் பார்த்ததும் மேலத்தெருக்காரர்கள் ஒவ்வொருவராகக் கையை எடுத்தார்கள். லூயிஸ் மட்டும் எடுக்கவில்லை. மீதித் தெருவை அவனும் எங்கள் ஜனங்களுமாக இழுத்தார்கள்.
வடம் அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டதா? இல்லை, அந்தக் கைக்குட்டைதானா? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நான் வடத்தைத் தொட்டேனா? இல்லை. ஜெனரேட்டரை யார் பார்ப்பது?

20-8-1979
லூயிஸ் கிளம்பிவிட்டான். சொல்லிக்கொள்ள வரவில்லை. பெரியப்பா வீட்டில் பெரிய சண்டையாம்.

13-8-1980
லைட் வேலை வேறு கடைக்குப் போய்விட்டது. எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது — இந்த வருஷம் வடமே கிடையாது. டிராக்டர் கட்டி இழுக்கிறார்களாம். இனி யாரும் தொட வேண்டாம், யாரையும் தடுக்கவும் வேண்டாம். ஜெயித்தோமா, தோற்றோமா? மேலத்தெருக்காரனும்தான் இழுக்கப்போவதில்லை. சமம்தானே? ஆனால் வயிறு எரிகிறதே!
வடம் கோயிலுக்குப் பின்னால் சுருட்டிக் கிடக்கிறது. இன்று மத்தியானம் போய்ப் பிடித்துப் பார்த்தேன். வெறும் கயிறு.

14-8-1980
கமிட்டி சொல்லி அனுப்பியிருக்கிறது: டிராக்டர் கீழத்தெருவுக்குள் நுழையாது, இடம் பத்தாது.
அம்மா முறம் வைத்துப் புடைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமல் கேட்டாள்: "எத்தன அடிடா அந்த டிராக்டரு?"
"ஆறு. காலைலயே அளந்துட்டேன்."
முறத்தை வைத்துவிட்டு உள்ளே போய் கோயிலுக்குக் கட்டும் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள்.
"அந்த டேப்ப எடு. சூசைநாதன் ஊட்டுக்குப் போவம்."