பிரேக்கைத் தொடாத இரண்டு வருஷம்

திருநெல்வேலி டவுன்
ஞாயிறு மத்தியானம்

அன்பு மகன் குமரனுக்கு அம்மா எழுதுவது. நெல்லையப்பரும் காந்திமதியம்மையும் உன்னையும் ராஜியையும் குழந்தையையும் அந்த ஆஸ்லோ குளிரில் சுகமாக வைத்திருக்க வேண்டும். நாங்களும் இங்கே சுகம் என்று அடுத்த வரி எழுத வேண்டும், அதற்குத்தான் கை வரமாட்டேன் என்கிறது. தினமும் வீடியோவில் பேசுகிறவள் இப்போது எதற்குத் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நடுவில் அம்மா கொஞ்சம் இரு, அம்மா கொஞ்சம் இரு என்பாய், அதற்குள் அப்பா வந்து போனை வாங்கிவிடுவார்கள். கடிதத்தில் யாரும் என்னை நிறுத்த முடியாது. முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் கோபப்படு.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடந்ததை அப்பா உன்னிடம் சொன்னது இவ்வளவுதான், ஈரடுக்குப் பாலம் இறங்கும்போது கொய்யாப்பழக்காரர் ஒருத்தர் திடீரென்று குறுக்கே வந்துவிட்டார், லேசாக இடித்துவிட்டது, யாருக்கும் பெரிதாக ஒன்றுமில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டினேன். அது பொய் குமரா. குறுக்கே யாரும் வரவில்லை. ரோட்டோரமாகத் தன் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த மனுஷன் மேல் நான்தான் கொண்டுபோய் இடித்தேன். அவர் பேர் கருத்தையா. வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துப் படுத்திருக்கிறார்.

எப்படி நடந்தது என்று முதலிலிருந்து சொல்கிறேன். நீ அந்தக் கரண்டு கார் வாங்கிக் கொடுத்த அன்றைக்கு, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே வண்டி தானாக வேகம் குறைந்து நிற்கும், அந்த வேகமெல்லாம் திரும்ப பேட்டரிக்குள் போகும், பிரேக் தேயவே தேயாது என்று சொன்னாய். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. மகன் வாங்கிக் கொடுத்த வண்டியில் ஒரு பாகம்கூடத் தேயக் கூடாது என்று நினைத்தேன். உனக்குத்தான் என் குணம் தெரியுமே, புதுப் பாத்திரத்தை அலமாரியில் பூட்டிவிட்டுப் பழைய பாத்திரத்தில் சமைக்கிறவள் நான். சிக்னலைத் தூரத்திலேயே பார்த்துக் காலை எடுப்பேன், வண்டி பைய வந்து கோட்டில் நிற்கும். ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர் இரண்டு வருஷமாகப் பிரேக்கில் காலே வைக்காமல் கார் ஓட்டுகிறாள் என்று தெருவெல்லாம் பெருமை அடித்தேன். வெள்ளிக்கிழமை தவறாமல் சக்கரத்து இடுக்கு வரைக்கும் தண்ணீர் அடித்துக் கழுவி, சந்தனமும் குங்குமமும் வைத்து, ஈரத்தோடு ஷெட்டில் ஏற்றிவிடுவேன். மாதம் ஒரு தரம் உவரி சுயம்புலிங்க சாமி கோயில், அங்கே கடலுக்குப் பக்கத்திலேயே காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வண்டி உப்புக் காற்றில் நிற்கும். இரும்பும் தண்ணீரும் உப்பும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று முப்பது வருஷம் மூன்று சோதனைக் குழாயில் மூன்று ஆணியைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் காட்டினவள் நான். என் வீட்டு ஷெட்டில் நாலாவது குழாய் நின்றது எனக்குத் தெரியவில்லை.

தெரியவில்லை என்பதும் முழு உண்மை இல்லை. ஆவணி கடைசியிலிருந்தே எப்போதாவது பிரேக் போட்டால் கரகரவென்று அம்மி அரைக்கிற மாதிரி ஒரு சத்தம். அப்பா கேட்டதற்குக் கல் ஏதாவது மாட்டியிருக்கும் என்றேன். நீகூட ஒரு நாள் போனில் அது என்ன சத்தம் என்றாய், ரோடு வேலை நடக்கு என்று சொல்லிவிட்டுப் பாட்டைக் கூட்டி வைத்தேன். காட்டினால் பிரித்துப் போட்டுவிடுவார்கள், புது வண்டியில் கை வைத்துவிடுவார்கள் என்ற பிடிவாதம். ஆக இரண்டு மாதம் அது என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தது.

கருத்தையா யார் என்று சொல்லவில்லையே. பாலம் இறங்கி இடதுபக்கம் கொஞ்சம் அகலமாக விட்டிருக்கும் இடத்தில் சைக்கிளில் கூடை வைத்துக் கொய்யாப்பழம் விற்பவர். பாளையங்கோட்டை போகும்போதெல்லாம் அவரிடம்தான் வாங்குவேன். சரிவில் காலை எடுத்தால் வண்டி சரியாக அவர் கூடைக்கு நேரே போய் நிற்கும். அவர் சிரிப்பார், பிரேக்கே போடாம நம்ம கூடைக்கு நேரா கரெக்டா வந்து நிக்கியளே டீச்சர், வண்டிக்கு நம்ம பழ வாசம் தெரியுதோ என்பார். எனக்கு அதிலும் ஒரு பெருமை.

அன்றைக்கு சனிக்கிழமை. ஐப்பசி மழையில் ஒன்பது நாள் வண்டியை எடுக்கவே இல்லை, முந்தின நாள் மழை விட்டதும் வழக்கம்போலக் கழுவினேன். உவரிக்குப் போக வேண்டும் என்று ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டு நூறு ஆக்கி வைத்திருந்தேன். எப்போதும் விடியுமுன் கிளம்பிவிடுவோம், ரோடு காலியாக இருக்கும், பிரேக் தேவையே வராது. அன்றைக்குத் தூறல் விடட்டும் என்று ஒன்பது மணிக்குக் கிளம்பினோம். பேட்டரி நிறைந்திருக்கிறது, காலை எடுத்தால் வேகம் குறையாது என்று திரையில் ஒரு வரி வந்தது. பார்த்தேன், மனதில் வாங்கவில்லை. பாலம் இறங்கும்போது உவரிக்குக் கொண்டுபோகக் கொய்யா வாங்கலாம் என்று காலை எடுத்தேன். வண்டி குறையவில்லை, சரிவில் உருண்டு வேகம் எடுத்தது. பிரேக்கை மிதித்தேன், அந்தக் கரகர சத்தம்தான் வந்தது, வண்டி இடதுபக்கமாக இழுத்தது. கருத்தையா என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு பழத்தைக் கையில் தூக்கிக் காட்டிச் சிரித்தபடியே நின்றார், நகரவே இல்லை.

வண்டியை ஷமீம் என்கிற மெக்கானிக்கிடம் இழுத்துக்கொண்டு போனார்கள், கரண்டு வண்டி வேலை நன்றாகத் தெரிந்தவர். சக்கரத்தைக் கழற்றி, பிரேக் பிடிக்கிற வட்டத் தட்டை, டிஸ்க் என்கிறார்கள், என் கையில் கொடுத்தார். கண்ணாடி மாதிரி இருக்க வேண்டியது, அம்மை வடு மாதிரி குழி குழியாகத் துரு, பின்பக்கம் அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய பேட் நகரவே முடியாமல் இறுகிப்போயிருந்தது. அவர் பெரிதாகத் திட்டவில்லை. தேயக் கூடாதுன்னு நெனச்சிய டீச்சர், தேஞ்சாத்தான் அது சுத்தமா இருக்கும், பெட்ரோல் வண்டில நிறுத்துத ஒவ்வொரு தடவையும் துரு தேஞ்சு போயிரும், இதுல நாமளாப் பாத்துத் தேய்க்கணும் என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தது அப்பா. துணை தாசில்தாராக ரிட்டயர் ஆனவர்கள், எழுத்து எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், மேற்படி நபர் கவனக்குறைவாகச் சாலையின் குறுக்கே வந்ததால் என்று ஒரு பிசிறு இல்லாமல் எழுதினார்கள். நீ வாயத் திறக்காத, நான் பாத்துக்கிடுதேன் என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுதினார்கள். என்னைக் காப்பாற்றத்தான் செய்தார்கள், அவர்கள் மேல் கோபப்படாதே. நானும் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். கருத்தையா அப்போது ஆபரேஷனில் இருந்தார்.

முந்தாநாள் அப்பாவுக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என்ன பேசுவார், எப்படித் திட்டுவார் என்று பயந்துகொண்டே போனேன். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு நின்னுட்டிருந்த மாதிரித்தான் நெனவு டீச்சர், ஆனா பெரியவங்க நீங்க எல்லாம் எழுதிக் குடுத்திருக்கிய, அப்ப நாந்தான் குறுக்க வந்திருப்பேம் போல, உங்களுக்கு வீண் அலைச்சல் வச்சிட்டேன் என்றார். என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார் குமரா. காலை முறித்ததும் இல்லாமல், அந்த மனுஷன் கண்ணால் பார்த்ததையே அவர் நம்ப முடியாமல் செய்துவிட்டோம். அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். பையிலிருந்த ஆரஞ்சுப் பழத்தைத் தலைமாட்டில் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். அவர் குறுக்கே வந்தார் என்று காகிதம் இருக்கிற வரைக்கும் அவருக்கு நஷ்டஈடும் கிடைக்காது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

நாளைக் காலையில் இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே ஸ்டேஷனுக்குப் போகிறேன். முதலில் எழுதியது பொய், அவர் நின்ற இடத்தில்தான் நின்றார், இரண்டு மாதம் சத்தம் கேட்டும் வண்டியை நான் காட்டவில்லை என்று என் கையாலேயே எழுதிக் கொடுப்பேன். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போய் அவரிடமும் சொல்வேன். இன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அப்பாவிடம் சொல்லப்போகிறேன். அவர்கள் பேருக்கு வராத பழி என்னால் வரும். லைசென்ஸ் போகலாம், கேஸ் நடக்கலாம், அறுபத்து நாலு வயதில் கோர்ட்டில் நிற்கலாம். இது உன் கைக்கு வரும்போது எல்லாம் சொல்லி முடித்திருப்பேன், அதற்காகத்தான் கடிதம். அப்பாவுக்குப் போன் போட்டு ஆறுதலாக இரண்டு வார்த்தை பேசு. சர்க்கரை மாத்திரையை மறக்கிறார்கள், அதையும் கேள்.

உங்கள் வண்டியும் இதே மாதிரிதானே. எங்களுக்குக் கடல் உப்பு, உங்கள் ஊரில் பனிக்காக ரோட்டிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள் என்று ராஜி சொல்லியிருக்கிறாள். வாரத்துக்கு ஒரு நாள், பின்னால் வண்டி வராத ரோட்டில், நியூட்ரலில் போட்டு நாலைந்து தரம் நன்றாக அழுத்திப் பிரேக் பிடி, அப்போதுதான் டிஸ்க் வேலை செய்யும் என்று ஷமீம் சொன்னார். கழுவினால் ஈரத்தோடு நிறுத்தாதே, ஒரு சுற்று ஓட்டிப் பிரேக் பிடித்துக் காயவிட்டு நிறுத்து. தூரப் பயணம் தவிர நூறு வரைக்கும் சார்ஜ் போடாதே, போட்டால் முதல் கொஞ்ச தூரம் காலை எடுத்தால் நிற்காது என்பதை நினைவில் வை. வருஷம் ஒரு தரம் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்கச் சொல்லு. சத்தம் கேட்டால் பாட்டைக் கூட்டாதே.

குழந்தை கன்னத்தில் ஆச்சி முத்தம் ஒன்று. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடியில்லாமல் நூறு வருஷம் இருக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கீழே போய் வண்டியை எடு, காலியான ரோட்டில் ஒரு தரம் பிரேக்கை மிதித்துப் பார்த்துவிட்டு வந்து எனக்குப் போன் பண்ணு. அந்த மனுஷன் என் வண்டி நின்றுவிடும் என்று நம்பித்தான் சிரித்துக்கொண்டு நின்றார்.

எப்போதும் உன் நினைவாக இருக்கும்
அம்மா சொர்ணாம்பாள்