பனியில் புதைந்த கார்

1974 டிசம்பர் 4, புதன். பஃபலோ, அமெரிக்கா.

கால் இன்னும் மரத்துக் கிடக்கிறது. கும்மிடிப்பூண்டியை விட்டு வந்து எங்களுக்கு இது முதல் குளிர்காலம். காருக்குப் பனி டயர் மாட்டியதும், ஓட்டிப் பார்க்கலாமென்று என் வீட்டுக்காரர் கூட்டிப்போனார். தெருமுனையிலேயே சக்கரம் பனியில் புதைந்துகொண்டது.

“எறங்கித் தள்ளு” என்றார்.

“நான் ஓட்றேங்க, நீங்க தள்ளுங்க. எங்க நைனாவோட டிராக்டரயே சேத்துல ஓட்னவதானே நானு?”

“பொம்பள ஓட்டி நான் தள்ளிக்கினு இருந்தா, பாக்கறவன் இன்னா நெனைப்பான்?”

அந்தத் தெருவில் எங்களைத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. ஆறு மாத வயிற்றோடு இறங்கித் தள்ளினேன். முழங்கால்வரை புடவை நனைந்தது. கார் கிளம்பியதும் தெருவின் மறுகோடிவரை ஓட்டிப் போய்த்தான் நிறுத்தினார். வழுக்கி வழுக்கி நடந்துபோய்க் கதவைத் திறந்தேன்.

“டயரு நல்லா புடிக்குது” என்றார். “சீக்கிரம் கதவ சாத்து, குளுரு உள்ள வருது.”