குட்டித்தீவில் தொப்பி விற்ற அணில்

ஜூன் 14, சனி

வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். முடிந்ததா?

கோபாலபுரத்தில் சம்முவின் பள்ளியில் இன்று பெற்றோர் கூட்டம். 'குட்டித்தீவு' என்று ஓர் இணைய விளையாட்டு. பிள்ளைகள் ஆளுக்கொரு பிராணியாக மாறித் தீவில் வீடு கட்டலாம், கடை வைக்கலாம், மற்றவர்களோடு அரட்டை அடிக்கலாம். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புக்கு அதைப் பள்ளியே வாங்கித் தரப்போகிறதாம். விற்க வந்த இளைஞன், "பக்கா சேஃப் சார், உள்ள குழந்தைங்க மட்டும்தான்" என்றான்.

"யாராச்சும் விளையாடிப் பாத்தீங்களா?" என்று பின்வரிசையிலிருந்து கேட்டேன்.

தலைமையாசிரியை ஜெயலக்ஷ்மி மேடம் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "நல்ல கேள்வி. நீங்களே விளையாடிப் பாத்துச் சொல்லிடுங்க சார். யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தி.நகரில் ஜவுளிக்கடை நடத்தும் ஆளுக்கு வந்த வேலையைப் பார்.

ஜூன் 15, ஞாயிறு

சேர்ந்துவிட்டேன். வயது என்ன என்று கேட்டது. ஒன்பது என்றேன். நம்பிவிட்டது. என் மீசையைப் பற்றி அதற்குக் கவலையில்லை.

நான் ஓர் அணில். ஸ்வர்ணா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "வால் உங்களுக்கு எடுப்பா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். சிரிப்புச் சத்தம் மட்டும் ரொம்ப நேரம் வந்துகொண்டிருந்தது.

சம்மு லீவிலிருந்தே இதை விளையாடுகிறாள். அவள் அங்கே என்ன பிராணி என்று தெரியாது. நான் அறைக்குள் போனால் டேப்லெட்டைக் கவிழ்த்துவிடுகிறாள்.

ஜூன் 16, திங்கள்

ஒரு கிளி என்னைக் குளத்தில் தள்ளிவிட்டது. இரண்டு தடவை. காரணமே இல்லை.

ஜூன் 18, புதன்

தீவில் இலையும் பூவும் பறித்துத் தொப்பி செய்யலாம், விற்கலாம். அங்கே தொப்பிக்கடை வைத்திருக்கும் பிள்ளைகளுக்கு வியாபாரமே தெரியவில்லை. சரக்கைக் குவித்து வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

நான் 'ஆடித் தள்ளுபடி' என்று பலகை மாட்டினேன். ஆடி பிறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. இருக்கட்டுமே, தீவில் யார் பஞ்சாங்கம் பார்க்கிறார்கள்? கூட்டம் அம்மியது! ஒரு கரடி பேரம் பேசிற்று. "உனக்காகத்தான் இந்த விலை, வேற யார்கிட்டயும் சொல்லாதே" என்றேன். நெகிழ்ந்துபோய் மூன்று வாங்கிற்று. குளத்தில் தள்ளிய கிளிக்கு மட்டும் தொப்பி கிடையாது.

நிஜக் கடையில் இன்று வியாபாரம் மந்தம். ஆனாலும் மனசு குளிர்ந்திருக்கிறது. வெட்கமாகவும் இருக்கிறது.

ஜூன் 20, வெள்ளி

'மயில்ராணி' என்று ஒருத்தி சந்தையில் சுற்றுகிறாள். தொப்பி வாங்குவதில்லை, விளையாடுவதில்லை. கேள்வி மட்டும் கேட்கிறாள். எந்த ஸ்கூல், எந்த கிளாஸ், வீட்டில் யார் யார். முற்றுப்புள்ளி வைத்து எழுதுகிறாள். எந்தக் குழந்தை முற்றுப்புள்ளி வைக்கும்?

என்னிடமும் வந்தாள். "உன் அப்பா எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவார்?" அந்த அப்பாவே நான்தான் என்று எப்படிச் சொல்வது? "எனக்கு அப்பாவைப் பிடிக்காது" என்று சொல்லிவைத்தேன்.

ஜூன் 21, சனி

சாயங்காலம் சந்தையில் மயில்ராணி ஒரு முயலைப் பிடித்துக்கொண்டாள். எந்த ஸ்கூல் என்றாள். முயல் பள்ளியின் பெயரைச் சொன்னது. கிளாஸ்? நாலு பி. வேன் எங்கே இறக்கிவிடும்? பனகல் பார்க் பக்கத்தில், டெய்லர் கடை வாசலில்.

எங்கள் தெரு முனை. அந்த முயல் சம்மு. அடுத்த அறையில்தான் இருக்கிறாள்!

"சொல்லாதே முட்டாள்" என்று அடித்தேன். 'முட்டாள்' கெட்ட வார்த்தையாம், விளையாட்டு அதை நட்சத்திரக் குறிகளாக்கி மறைத்துவிட்டது. பள்ளிப் பெயரையும் வேன் நிற்கும் இடத்தையும் மட்டும் அப்படியே போட்டது. நல்ல காவல்! முயல் திரும்பி என்னைப் பார்த்து, "போடா அணில்" என்றது.

பெற்ற மகள்.

புகார் பொத்தானை அழுத்தினேன். 'நன்றி, குட்டி நண்பா! இந்தா ஒரு மாம்பழம்!' மறுபடியும் அழுத்தினேன். இன்னொரு மாம்பழம்.

எழுந்து ஓடினேன். "யார்கிட்ட பேசிட்டிருக்கே?"

"யாருமில்லப்பா. ஒரு மயில். ஃப்ரெண்டு."

டேப்லெட்டைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். ஏன் என்று கேட்டாள். என்ன சொல்வேன்? நான்தான் அணில் என்றா? "பூட்டுன்னா பூட்டுதான்" என்று கத்திவிட்டேன். அழுதுகொண்டே சாப்பிடாமல் படுத்துவிட்டாள். ஸ்வர்ணா என்னோடு பேசவில்லை.

ஜூன் 23, திங்கள்

சம்முவை வேனில் விடவில்லை. நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டிவந்தேன். டெய்லர் கடை வாசலில் நிற்கிற எவனைப் பார்த்தாலும் மயில்ராணியாகத் தெரிகிறான். பாவம், ஒருவர் ரவிக்கை வாங்க வந்தவர். முறைத்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

சம்மு இன்னும் பேசவில்லை. நாளைக்குக் கூட்டம். பேச வேண்டியதை ஸ்வர்ணாவிடம் சொல்லிப் பார்த்தேன். "கத்தாம சொல்லுங்க. வேட்டியை நல்லா இறுக்கிக் கட்டிக்கோங்க" என்றாள். பேச ஆரம்பித்துவிட்டாள், அதுவரை லாபம்.

ஜூன் 28, சனி

எங்கே ஆரம்பிப்பது!

எழுந்து நின்று சொன்னேன். "மேடம், அந்தத் தீவுல ஒரு ஆபத்தான ஆள் இருக்கான். குழந்தை வேஷத்துல பிள்ளைங்ககிட்ட ஸ்கூல், வீடு எல்லாம் விசாரிக்கிறான்."

முன்வரிசையிலிருந்து கணக்கு டீச்சர் அன்வரி பேகம் எழுந்தார். சம்முவே பயப்படுகிற டீச்சர். "சார் சொல்றது சரி. நானும் அந்த ஆளைப் பாத்தேன். புகார் குடுத்தா மாம்பழம் குடுக்குது மேடம்! சின்னப் பசங்களைக் கூட்டம் சேத்து, உனக்கு மட்டும்தான், யார்கிட்டயும் சொல்லாதேன்னு ஆசை காட்டுறான். நிச்சயமா வயசான ஆளு. ஒரு அணில்."

"டீச்சர்... அணில் நான்தான். தொப்பி வித்தேன்."

அவர் மெல்ல உட்கார்ந்தார். பிறகு மறுபடி எழுந்தார். "அப்ப மயில் நான்தான் சார்."

ஜெயலக்ஷ்மி மேடம் முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். ஆசிரியர் பக்கத்திலிருந்தும் ஒருவரை ரகசியமாக அனுப்பியிருக்கிறார், ஒருத்தர் சொல்வதை வைத்து இன்னொருத்தர் சொல்லக் கூடாது என்று. எந்தக் கேள்வியை அந்த விளையாட்டு தடுக்கிறது என்று பார்க்கத்தான் டீச்சர் கேட்டாராம். "ஒண்ணைக்கூடத் தடுக்கல சார். ஒரு முயல் வேன் நிக்கிற இடம் வரைக்கும் சொல்லிடுச்சு. அன்னிக்கு என்னால சாப்பிட முடியல."

"எம்பொண்ணுதான் டீச்சர்."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் அடங்கிவிட்டார்கள். பின்னால் ஓர் அம்மா, "உள்ள இருந்தது நீங்க ரெண்டு பேருங்கறதால சரியாப் போச்சு" என்றார். அவ்வளவுதான். விற்க வந்த இளைஞன் மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தான்.

ஜூன் 29, ஞாயிறு

காலையில் பெசன்ட் நகர் கடற்கரைக்குக் கூட்டிப்போய் சம்முவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மயில் யார் என்றதும் அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, மிஸ்கிட்ட ஹோம்வொர்க்கை அக்காவை வச்சுப் பண்ணுவேன்னு சொல்லிட்டேம்ப்பா." அக்காவே கிடையாது இவளுக்கு.

பிறகு கொஞ்ச நேரம் மணலைக் கிண்டிக்கொண்டிருந்தாள். "நெஜமாவே கெட்ட ஆளா இருந்திருந்தா வேன் கிட்ட வந்திருப்பாங்களாப்பா?"

"வந்திருக்கலாம்."

கையைப் பிடித்துக்கொண்டாள். சுண்டல் வரும்வரை விடவில்லை.

ஜூலை 2, புதன்

அணிலை மூடிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நுழைய விட்ட தீவு வெளியே விட மாட்டேன் என்கிறது. 'உன் பெற்றோரைக் கூப்பிடு.' ஸ்வர்ணாவைக் கூப்பிட்டேன், குழம்பு கொதிக்கிறதாம். சம்மு ஓடிவந்து நாற்காலியில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். "நகருங்க. நான்தான் உங்க அம்மா."

'விலகக் காரணம் என்ன?' என்று கேட்டது. சலிப்பு, வேறு விளையாட்டு, வளர்ந்துவிட்டேன்.

மூன்றாவதை அழுத்தப் போனவள், விரலை அப்படியே நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"பொய் சொல்லலாமாப்பா?"