ஒன்பதாவது முனையிலிருந்து அழைப்பு வரவில்லை

கார் பந்தய இயக்குநரான என் கணவருக்கு,

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். என்னோடு நின்று கொடி காட்டிய நெவிலுக்கு இரண்டு கால்களும் முறிந்துவிட்டன. இன்று வீட்டுக்கு வரமாட்டேன்.

உங்கள் அறிக்கையைக் கொண்டுவந்து காட்டினார்கள். ‘ஒன்பதாவது முனையிலிருந்து அழைப்பு வரவில்லை, கொடி காட்டுபவர் தன்னிச்சையாகத் தடத்தில் இறங்கினார்’ என்று எழுதி, கீழே உங்கள் கையெழுத்து. என்ன நெஞ்சழுத்தம்!

தடத்தின் ஒன்பதாவது வளைவில் காவல் நின்ற நான் மூன்று முறை வாக்கி டாக்கியில் கத்தினேன். “ஒன்பதாவது முனை பேசுறேன். நடுத்தடத்துல கார் நிக்குது, டிரைவர் உள்ள மாட்டிக்கிட்டார். பந்தயத்தை நிறுத்துங்க!” டிவியில் நேரடி ஒளிபரப்பு, நிறுத்த உங்களுக்கு மனசு வரவில்லை. நெவில் பொறுக்கமாட்டாமல் ஓடினார். பின்னால் வந்த கார் அவரை அடித்துத் தூக்கியது. லீட்ஸ் நகரத்திலிருந்து சொந்தச் செலவில் வந்து, ஒரு சாண்ட்விச்சோடு நாள் முழுக்க மழையில் நிற்கிற மனிதர் அவர்.

வாக்கி டாக்கியில் யாரையும் பெயரோ உறவோ சொல்லிக் கூப்பிடக் கூடாது, முனை எண் மட்டும்தான் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவரே நீங்கள்தான். நான் கத்தியபோது என்ன பதில் சொன்னீர்கள்?

“இன்னும் ஒரே சுத்துதான், பொறு கண்ணு.”

பன்னிரண்டு முனைகளுக்கும் அது கேட்டது. யாரந்தக் கண்ணு என்று நாளை விசாரணையில் கேட்பார்கள். எழுந்து நிற்பேன்.

இப்படிக்கு,
ஒன்பதாவது முனை