பாப்பாவின் கையில் கட்டிய பட்டை

உப்பு ஒழிப்புப் பேச்சாளர் அவர்களுக்கு,

வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறது. துணிகளுக்கு அடியில் ஒளித்த சிப்ஸைத் தேடவேண்டாம், குப்பைக்குப் போய்விட்டது. சாயங்காலம் குடியிருப்புச் சங்கச் செயலாளர் வருவார். ‘இரத்த அழுத்தமும் உணவும்’ என்று நீங்கள் பேசவேண்டுமாம். பேசுங்கள். எதில் எவ்வளவு உப்பு என்று உங்களைப்போல் புட்டுப் புட்டு வைக்க ஆளேது?

ஆனால் பிரஷர் மெஷின் பட்டை உங்கள் கையைச் சுற்றி வரவில்லை என்று நம் பாப்பாவின் கையில் கட்டி அளந்து, அதை டாக்டரிடம் காட்டியிருக்கிறீர்களே! அவரும் நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டார். நேற்று அவள் உளறிக்கொட்டியதிலிருந்து எனக்கு உயிரே இல்லை. அதனால்தான் அப்படிக் கத்தினேன்.

பெரிய பட்டை வாங்கி மேசைமேல் வைத்திருக்கிறேன். செயலாளர் வருவதற்குள் உங்கள் கையில் கட்டிப் பாருங்கள். எவ்வளவு காட்டினாலும் திட்டமாட்டேன். உடனே போன் பண்ணுங்கள், ஓடி வருகிறேன். டாக்டரிடம் போகலாம்.

வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுங்கள்.

இன்னொன்று. படுக்கும்போது பாப்பா கேட்டாள்: “அம்மா, அப்பாவுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா, நான் கை குடுத்ததாலயாம்மா?”

அவளுக்குப் பதில் சொல்ல நீங்கள் இருக்கவேண்டும்.